கலர் ஸ்லைடுல போர் விமானம் இருந்தா அது எந்த வருஷத்துப் படம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ரெண்டு மாசம் முன்னாடி கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கிற தம்பி ஒருத்தர் கூப்பிட்டார். அண்ணே, எங்க தாத்தா டிரங்குப் பெட்டியில கலர் ஸ்லைடு ஒண்ணு இருக்கு, ஸ்பிட்ஃபயர்ங்கிற பிரிட்டிஷ் போர் விமானம் மாதிரி தெரியுது, அட்டையில 42ன்னு பென்சில்ல எழுதியிருக்கு, ஜப்பான்காரன் மலாயாவ ஆண்ட காலத்துப் படமா இருக்குமான்னு கேட்டார். பினாங்குக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க தம்பி, நேர்ல பாப்போம்னு சொன்னேன். வந்தார், பாத்தோம், ஒரு மத்தியானம் முழுசா உக்காந்து வருஷத்தையும் கண்டுபிடிச்சோம். அன்னைக்கு என்னென்ன பண்ணோம்ங்கிறதையும், இத்தனை வருஷமா லோரோங் கூலிட் சந்தையில பழைய ஸ்லைடு பொறுக்கி நான் கத்துக்கிட்டதையும் சேத்து இங்க எழுதுறேன். வீட்டுல பழைய பெட்டி வச்சிருக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது, அந்தக் காலத்துல கலர் படம் எடுக்கிறது ரொம்ப அபூர்வம். கோடாக் கம்பெனியோட கலர் ஃபிலிம் கோடாக்ரோம் 1935ல சினிமா ஃபிலிமா வந்துச்சு, 1936ல ஸ்டில் கேமராவுக்கு வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் ஃபிலிம் கிடைக்கிறதே கஷ்டமாயிடுச்சு. பிரிட்டிஷ் தகவல் அமைச்சு போர்க்காலத்துல எடுத்த கலர் படமே மொத்தம் 3,000 கிட்டத்தான், அதுலயும் பாதிதான் மிஞ்சி லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துல இருக்கு. அமெரிக்காக்காரங்களோட போர் தகவல் ஆபீஸ் ஆல்ஃபிரட் பால்மர் மாதிரி ஆளுங்கள அனுப்பி விமான ஃபேக்டரியில பெரிய ஷீட் ஃபிலிம்ல எடுக்க வச்சாங்க, அதெல்லாம் இப்ப லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இலவசமாவே பெரிய ஃபைலா இறக்கிக்கலாம். இங்கிலாந்துல சார்ல்ஸ் பிரவுன் கோடாக்ரோம்ல எடுத்த விமானப் படங்கள் ஆர்.ஏ.எஃப், அதாவது பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துல இருக்கு. நம்ம கண்ணைப் பழக்குறதுக்கு இந்த மூணு இடமே போதும், வருஷம் உறுதியா தெரிஞ்ச படங்கள தினமும் கொஞ்சம் பாத்துட்டு வாங்க, அசல் கலர் எப்படி இருக்கும்னு கண்ணுக்குத் தானா பிடிபட ஆரம்பிச்சிடும்.

சரி, ஸ்லைடு கைக்கு வந்தாச்சு. உடனே விமானத்தைப் பாக்காதீங்க, முதல்ல ஃபிலிமைப் பாருங்க. பருத்தி கையுறை போட்டுக்குங்க, லைட் பேடும் பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற லூப் லென்ஸும் இருந்தா போதும். கோடாக்ரோமை விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா ஒரு பக்கம் படத்தோட உருவம் மேடு பள்ளமா, செதுக்கின மாதிரி லேசா தெரியும், அதுதான் எமல்ஷன், அதாவது படம் படிஞ்சிருக்கிற பூச்சுப் பக்கம். இருட்டுல வச்சிருந்த கோடாக்ரோம் எண்பது வருஷம் ஆனாலும் சிவப்பு சிவப்பாவே நிக்கும். மொத்தப் படமும் ரோஸ் கலருக்கு ஓடிப்போயிருந்தா அது பின்னாடி போட்ட காப்பியா இருக்கலாம், இல்லன்னா 1946ல வந்த எக்டாக்ரோம் மாதிரி வேற ஃபிலிமா இருக்கலாம். லூப்ல பாக்கும்போது சிவப்பு பச்சை நீலம்னு பொடிப்பொடியா கட்டம் போட்ட வலை தெரிஞ்சா அது டுஃபேகலர், பிரிட்டிஷ் சரக்கு, அது கிடைச்சா உண்மையிலேயே பெரிய அதிர்ஷ்டம்.

அட்டையில எழுதியிருக்கிறத அழிக்கவே அழிக்காதீங்க, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போன்ல எடுத்து வச்சுக்குங்க. அதே நேரத்துல அதை அப்படியே நம்பவும் கூடாது. இந்தப் பென்சில் நம்பர் பத்தி கடைசியில சொல்றேன்.

அடுத்தது, இது அசல் கலர்தானா இல்ல கருப்பு வெள்ளைக்குப் பின்னாடி கலர் பூசினதாங்கிற கேள்வி. ஸ்லைடு கையில இருந்தா சந்தேகமே இல்ல, ஆனா இப்ப பாதிப் படம் வாட்சாப்லதான் வருது. அன்னைக்கு கோடாக்ரோமோட வேகம், அதான் வெளிச்சத்தைப் பிடிக்கிற திறன், ஏஎஸ்ஏ 10 அளவுதான், அதாவது நல்ல வெயில்ல லென்ஸ் துளைய எஃப் 5.6 வச்சாலும் ஷட்டர் ஒரு செகண்டுல எண்பதுல ஒரு பங்குக்கு மேல போக முடியாது. அதனால அசல் போர்க்காலக் கலர் படம்னா பெரும்பாலும் நல்ல வெயில் அடிக்கும், எஞ்சின் ஓடினா ப்ரொப்பெல்லர் முழு வட்டமா கலங்கித் தெரியும். மூட்டமான வானத்துல ப்ரொப்பெல்லர் பிளேடு ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி உறைஞ்சு நிக்குது, ஆனா கலர்ல இருக்குன்னா யோசிக்கணும்.

இன்னொரு பொறி இருக்கு. அந்தக் காலத்துல நிறைய பேர் ஆர்த்தோக்ரோமேட்டிக் ஃபிலிம் போட்டாங்க, அது சிவப்பையும் மஞ்சளையும் கருப்பா காட்டும், நீலத்தை வெளுத்துக் காட்டும். பிரிட்டிஷ் விமானத்துல நாட்டு அடையாளமா போடுற வட்டத்தைச் சுத்தி இருக்கிற மஞ்சள் வளையம் அதுல கருப்பு வளையமா வந்திருக்கும், கலர் பூசுறவங்க அதைப் பாத்து கருநீலம்னு நினைச்சு பூசிடுவாங்க. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்துல நீலம் இருந்தா, இல்லன்னா சிவப்பு நடுப்பொட்டு கிட்டத்தட்ட கருப்பா இருந்தா, அது கம்ப்யூட்டர்ல பூசின படமான்னு முதல்ல பாருங்க. இந்தப் பூசின படங்கள யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, ஆனா அதை வச்சு வருஷம் சொன்னா எல்லாமே தப்பாயிடும்.

இடம் வலம் மாறியிருக்கான்னும் பாக்கணும். ஸ்லைடைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் பண்றது ரொம்ப சாதாரணமா நடக்கும். வாலுல இருக்கிற மூணு கலர் பட்டை, அதான் ஃபின் ஃப்ளாஷ், அதைப் பாத்துச் சொல்லிடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, முடியாது. ரெண்டு பக்கமும் சிவப்புதான் முன்னாடி வரும், அதனால கண்ணாடியில பாத்தாலும் அப்படியேதான் இருக்கும். எழுத்தையும் நம்பரையும்தான் படிக்கணும். எழுத்து தெரியலன்னா ஸ்பிட்ஃபயரா இருந்தா பைலட் ஏறுற சின்னக் கதவு இடது பக்கம், ஆரம்ப மாடல்கள்ல இடது இறக்கைக்கு அடியில ஆயில் கூலர் சின்ன உருளையா இருக்கும், வலது பக்கம் ரேடியேட்டர் பெரிய பெட்டியா இருக்கும்.

இப்பதான் மார்க்கிங்குக்கு வர்றோம், இந்த வேலையோட உயிரே இதுதான். ஒவ்வொரு மார்க்கிங் மாத்தத்துக்கும் பின்னாடி ஒரு ஆர்டர் இருக்கு, அந்த ஆர்டருக்கு ஒரு தேதி இருக்கு. படத்துல ஒரு விஷயம் இருந்தா இந்தத் தேதிக்கு முன்னாடி இருக்க முடியாது, ஒரு விஷயம் இல்லன்னா இந்தத் தேதிக்குப் பின்னாடி இருக்க வாய்ப்பில்லன்னு ரெண்டு பக்கமும் வேலி கட்டிக்கிட்டே வரணும். கடைசியில நடுவுல மிஞ்சுற சந்துதான் உங்க படத்தோட காலம். ஒரே தேதியச் சட்டுனு சொல்லணும்னு ஆசைப்படாதீங்க.

பிரிட்டிஷ் ஃபைட்டர்ல இருந்து ஆரம்பிப்போம், நம்ம ஊர்ல அதுதான் அதிகம் கிடைக்குது. ரவுண்டல்னு சொல்ற அந்த வட்டத்துக்கு ஸ்கேல் வச்சுப் பாருங்க. ஸ்கிரீன்ல படத்தைப் பெருசாக்கி, வட்டத்தோட நடு வழியா ஒரே கோட்டுல ஒவ்வொரு நிறத்தோட விட்டத்தையும் அளங்க. படம் சாய்வா இருந்து வட்டம் முட்டையா தெரிஞ்சாலும் பரவால்ல, ஒரே கோட்டுல அளந்தா விகிதம் பெருசா மாறாது. 1940 மே மாசத்துல இருந்து உடம்புப் பக்கம் இருந்தது சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் எல்லாம் சம அகலமா, விட்டம் 1, 3, 5, 7ங்கிற கணக்குல. 1942 மே மாசத்துல இருந்து வெள்ளையையும் மஞ்சளையும் மெல்லிசாக்கிட்டாங்க, கணக்கு 3, 4, 8, 9. மஞ்சள் வளையம் தடியா இருந்தா 1942 நடுவுக்கு முன்னாடி, நூல் மாதிரி மெல்லிசா இருந்தா அதுக்கு அப்புறம். இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதிப் படத்தைப் பிரிச்சிடலாம். வாலுல இருக்கிற பட்டையிலயும் அதே கதைதான், வெள்ளை அகலமா இருந்தா பழசு, ரெண்டு அங்குலக் கீத்தா இருந்தா புதுசு. பட்டையே இல்லன்னா 1940 மேக்கும் முன்னாடி.

அப்புறம் உடம்போட நிறம், கருப்பு வெள்ளையில கிடைக்காத வரம் இதுதான். 1941 ஆகஸ்ட் வரைக்கும் பகல் ஃபைட்டர் மேல பச்சையும் மண் பிரவுனும், அதுக்கப்புறம் பிரவுன் போய் சாம்பல் வந்துச்சு, கூடவே இறக்கை முன்விளிம்புல மஞ்சள் பட்டை வந்துச்சு. வால் பக்கம் உடம்பைச் சுத்தி வெளிர் பச்சைப் பட்டை, ஸ்கைனு சொல்வாங்க, பதினெட்டு அங்குலம், அது 1940 கடைசியில இருந்து. இதுல ஒரு எச்சரிக்கை, சாயங்கால வெயில்ல எடுத்தா சாம்பல் கூட பிரவுனா தெரியும். அதனால முதல்ல ரவுண்டல்ல இருக்கிற வெள்ளையப் பாருங்க, அது மஞ்சளா இருந்தா மொத்தப் படமும் மஞ்சளுக்குச் சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த வெள்ளைய வெள்ளையாக்கிட்டு அப்புறம் உடம்பு நிறத்தைச் சொல்லுங்க. புல்லு, மனுஷங்க முகம், டயர் கருப்பு, இதையும் ஒத்துப் பாத்துக்குங்க.

1944 ஜூன்ல பிரான்ஸ் நார்மண்டிக் கரையில படை இறங்குறதுக்கு முன்னாடி விமானத்துல கருப்பு வெள்ளைக் கோடு போட்டாங்க, மூணு வெள்ளை ரெண்டு கருப்பு, ஒத்தை எஞ்சினுக்கு ஒரு கோடு பதினெட்டு அங்குலம். கோடு முழுசா இறக்கை மேலயும் கீழயும் இருந்தா அந்த ஜூன், ஜூலைதான். மேல் பக்கம் அழிச்சிட்டு கீழ மட்டும் மிச்சம் இருந்தா அதுக்கு அப்புறம், வருஷக் கடைசிக்குள்ள முழுசா எடுக்கச் சொல்லிட்டாங்க. அவசரத்துல பெரிய பிரஷ்ல பூசின கோடு, ஓரமெல்லாம் கோணலா இருக்கும், லூப்ல பிரஷ் தடமே தெரியும், ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருந்தா ஏர் ஷோவுக்குப் புதுப்பிச்ச விமானமான்னு சந்தேகப்படுங்க.

ஒரு உதாரணம் சேத்துப் பாப்போம். ஸ்பிட்ஃபயர், பச்சை சாம்பல், மெல்லிசு மஞ்சள் வளையம், வெளிர் பச்சைப் பட்டை, இறக்கை விளிம்புல மஞ்சள், கோடு இல்ல. சாம்பல் சொல்றது 1941 ஆகஸ்டுக்கு அப்புறம், வளையம் சொல்றது 1942 மேக்கு அப்புறம், கோடு இல்லாதது 1944 ஜூனுக்கு முன்னாடியா இருக்கலாம்னு சொல்லுது. ஆனா கோடு எடுத்ததுக்கு அப்புறமும் அந்த விமானம் பறந்திருக்கும்ல, அதனால இந்தப் பக்கத்து வேலி கொஞ்சம் பலவீனம்தான். அப்ப ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவோட எழுத்து, சீரியல் நம்பர், எஞ்சின் வகைன்னு அடுத்த வேலிய தேடணும். ஐரோப்பாவுல முன்னணியில இருந்த படைக்கு 1945 ஜனவரியில அந்த வெளிர் பச்சைப் பட்டையை எடுத்துட்டு, இறக்கை மேலயும் மஞ்சள் வளையத்தோட ரவுண்டல் போடச் சொன்னாங்க, அதுவும் ஒரு நல்ல வேலி.

அமெரிக்கா விமானம் இன்னும் சுலபம். நீல வட்டம், வெள்ளை நட்சத்திரம், நடுவுல சிவப்புப் பொட்டு இருந்தா 1942 மேக்கு முன்னாடி, ஜப்பான்காரன் சிவப்பு வட்டத்தோட குழம்புதுன்னு எடுத்துட்டாங்க. பொட்டு இல்லாம வெறும் நட்சத்திரம்னா 1942 மே மாசத்துல இருந்து 1943 ஜூன் வரைக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை வந்து அதைச் சுத்தி சிவப்புக் கரை இருந்தா, அதைப் பாத்த உடனே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும், ஏன்னா அந்தச் சிவப்புக் கரை ஆர்டர்ல நின்னது 1943 ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான். அப்புறம் கரைய நீலமாக்கிட்டாங்க. ஆனா ஆர்டர் போட்ட அன்னைக்கே எல்லா விமானத்துலயும் பெயின்ட் மாறிடாது, பசிஃபிக் தீவுல எங்கேயோ இருக்கிற மெக்கானிக்குக்கு ஆர்டர் போய்ச் சேரவே வாரக்கணக்காகும், பெயின்டும் கிடைக்கணும். அதனால ஆரம்பத் தேதிய கறாரா வச்சுக்குங்க, முடிவுத் தேதிக்குச் சில மாசம் தளர்வு குடுங்க. வெள்ளைப் பட்டைக்கு நடுவுல சிவப்புக் கோடு ஓடினா அது 1947 ஜனவரிக்கு அப்புறம், போர்க்காலமே இல்ல.

நம்ம பக்கத்துக் கதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. 1941 டிசம்பர்ல மலாயாவுல இருந்த பிரிட்டிஷ் பக்கத்து ஒத்தை எஞ்சின் ஃபைட்டர்னா அது ப்ரூஸ்டர் பஃபலோ, குண்டா பீப்பாய் மாதிரி இருக்கும். 453 ஸ்குவாட்ரனுக்கு டிடி (TD), 243க்கு டபிள்யூபி (WP), 488க்கு என்எஃப்னு (NF) எழுத்து போட்டிருப்பாங்க. ஹரிக்கேன் 1942 ஜனவரியிலதான் சிங்கப்பூருக்கு வந்துச்சு. ஸ்பிட்ஃபயர் ஒண்ணு கூட அப்ப இங்க இல்ல. டிசம்பர் 9ஆம் தேதி பட்டர்வொர்த் ஏர்ஃபீல்டை அடிச்சாங்க, 11ஆம் தேதி ஜார்ஜ்டவுனை அடிச்சாங்க. அன்னைக்கு சனங்க ஆகாயக் கப்பலைப் பாக்கத் தெருவுல வந்து நின்னாங்க, குண்டு போடப் போறான்னே தெரியாமன்னு எங்க பாட்டி சொல்லும், அந்த வார்த்தைய சொல்லும்போதெல்லாம் பாட்டி குரல் இறங்கிப்போயிடும். அந்த நாளுக்கான படம் ஒண்ணு நம்ம ஆளுங்க வீட்டுல எங்கேயாவது இருந்தா அதோட மதிப்பு பணத்துல இல்ல, அதனாலதான் தப்பான படத்துக்கு அந்தத் தேதியக் குடுக்கக்கூடாதுன்னு நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்.

இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானத்துல போர் நடுவுல சிவப்பையே எடுத்துட்டாங்க, அமெரிக்கா எடுத்த அதே காரணம்தான். கருநீல வட்டம், நடுவுல வெளிர் நீலம், அளவும் சின்னது. இறக்கையிலயும் வாலுலயும் வெள்ளைப் பட்டை இருக்கும், பெயின்ட் அடிக்காத வெள்ளி உடம்பா இருந்தா பட்டை கருப்பா கருநீலமா இருக்கும். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி மோரிப், போர்ட்டிக்சன் பக்கம் படை இறங்கினப்போ 11, 17 ரெண்டு ஸ்குவாட்ரனோட மார்க் 14 வகை ஸ்பிட்ஃபயருங்க கப்பல்ல இருந்து கிளம்பி கெலானாங் ஏர்ஃபீல்டுல வந்து இறங்குச்சு. அப்படி ஒரு விமானம், நீலம் மட்டும் இருக்கிற வட்டத்தோட, பின்னாடி தென்னை மரம்னு படம் கிடைச்சா 1945 கடைசி மாசங்கள யோசிக்கலாம்.

இப்ப அந்தத் தம்பியோட ஸ்லைடு. லைட் பேடுல வச்சதும் தெரிஞ்சது, ஸ்பிட்ஃபயர்தான், பைலட் மூடி நீர்க்குமிழி மாதிரி, ப்ரொப்பெல்லர் நின்னுட்டு இருந்துச்சு. பிளேடை எண்ணுங்கன்னு தம்பிகிட்ட சொன்னேன். அஞ்சுன்னார். அஞ்சு பிளேடுன்னா க்ரிஃபன் எஞ்சின் போட்டது, 1942ல அப்படி ஒண்ணு எந்த ஸ்குவாட்ரன்லயும் கிடையாது. அப்புறம் ரவுண்டல், சிவப்பு வெள்ளை நீலம், மஞ்சள் இல்ல. சிவப்பு இருக்கு, அதனால போர்க்கால பர்மா வட்டம் இல்ல. மஞ்சள் இல்லாத மூணு கலர் வட்டம் போருக்கு முன்னாடியும் உண்டு, பின்னாடியும் உண்டு, அதனால ஸ்கேலை எடுத்தோம். போருக்கு முன்னாடி இருந்ததுல விட்டம் 1, 3, 5, அதாவது சிவப்பு மொத்தத்துல அஞ்சுல ஒண்ணு. 1947ல வந்ததுல 1, 2, 3, சிவப்பு மூணுல ஒண்ணு. ஸ்கிரீன்ல மொத்தம் 63 மில்லி, சிவப்பு 21 மில்லி. நிறமும் பளிச்சுனு இருந்துச்சு, போர்க்காலத்துச் சிவப்பு செங்கல் மாதிரி மங்கலா இருக்கும்.

அப்ப 1947க்கு முன்னாடி இல்ல. பின்பக்க வேலி எங்க? மலாயாவுல ஆர்.ஏ.எஃப் ஸ்பிட்ஃபயர் கடைசியா தாக்குதலுக்குப் பறந்தது 1951 ஜனவரி 1, 60ஆம் ஸ்குவாட்ரன். 1948 ஜூன்ல எமர்ஜென்சி அறிவிச்சதும் 28, 60 ரெண்டு ஸ்குவாட்ரனும் காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்ட் முகாம்கள அடிக்கப் போனாங்க. அதனால இந்த ஸ்லைடு பெரும்பாலும் 1948ல இருந்து 1950க்குள்ள.

தம்பி முகம் வாடிப்போச்சு, ஜப்பான்காரன் காலத்துப் படம்னு குடும்பமே நம்பிட்டு இருந்துச்சு இல்லயா. தாத்தா என்ன வேலை பாத்தார்னு கேட்டேன். கோலாலம்பூர் ஏர்ஃபீல்டு ஸ்டோர்ல கிளார்க்கு, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் சேந்தார்னு பாட்டி சொல்லும்னார். கல்யாணம் எப்பன்னு கேட்டேன், 1949ன்னார். அப்படியே ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அப்ப அந்த 42? பெட்டியில வேற ஸ்லைடு இருக்கான்னு கேட்டதுக்கு, கோயில் திருவிழாப் படமும் வீட்டுப் படமுமா நிறைய இருக்குண்ணே, விமானம் இல்லன்னு அதையெல்லாம் எடுத்துட்டு வரலன்னார். வீட்டுக்குப் போன் போட்டு அட்டைய படிக்கச் சொன்னோம். பத்துமலை காவடி 40, 41. வாசல்ல பாட்டி நிக்கிறது 43. தாத்தா ஸ்லைடுக்கு வரிசை நம்பர் போட்டிருக்கார். அதனால ஒத்தை ஸ்லைடை மட்டும் தனியா எடுத்து வச்சுப் பாக்காதீங்க, பக்கத்துல இருந்தது என்ன, எந்தப் பெட்டி, எந்த வரிசைன்னு கலைக்காம எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் கையை வைங்க. சந்தையில வாங்கும்போதும் முடிஞ்சா முழுப் பெட்டியா வாங்குங்க, விமானத்தை மட்டும் உருவிக் குடுங்கன்னு கேட்டா நாப்பது வெள்ளி மிச்சமாகும், ஆனா சாட்சி போயிடும்.

ஸ்கேன் பண்றதுக்கு ரெண்டு விஷயம் மட்டும். ஆட்டோ கலரை ஆஃப் பண்ணுங்க, முதல் ஸ்கேன் உள்ளது உள்ளபடி இருக்கணும், திருத்துறதெல்லாம் காப்பியில. ஸ்கேனர்ல இருக்கிற தூசி நீக்குற இன்ஃப்ராரெட் வசதி கோடாக்ரோம்ல சரியா வேலை செய்யாது, சின்ன எழுத்தையும் ஓரத்தையும் தூசின்னு நினைச்சு அழிச்சிடும், நமக்கு அந்தச் சின்ன எழுத்துதானே வேணும். கடையில குடுத்தா இதை வாய்விட்டுச் சொல்லிக் குடுங்க, நான் ஒரு தடவ சொல்லாம விட்டு ஒரு விமானத்தோட சீரியல் நம்பர்ல ரெண்டு எழுத்து மழுங்கி வந்து நிக்குது, ஒரிஜினல் கையில இருந்ததால தப்பிச்சேன்.

நம்ம ஊரு ஈரப்பதத்துக்குப் பூஞ்சைதான் பெரிய எதிரி, ஜெலட்டினையே தின்னுடும். தண்ணி வச்சுத் துடைக்காதீங்க, ஊதுற பந்து வச்சு தூசிய மட்டும் ஊதிட்டு, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட இருட்டுல வைங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. ப்ரொஜெக்டர்ல போட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டாதீங்க, கோடாக்ரோம் இருட்டுல தாங்கும், ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துடும்.

தம்பி போகும்போது டப்பா மேல ஒட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தேன். ஸ்பிட்ஃபயர், க்ரிஃபன் எஞ்சின், 1947 வகை ரவுண்டல், 1948 முதல் 1950 வரை இருக்கலாம், வரிசை எண் 42. அதுக்குக் கீழ தாத்தா பேரையும் கோலாலம்பூர் ஏர்ஃபீல்டு ஸ்டோர் கிளார்க்குன்னும் தம்பியே அவர் கையால எழுதிக்கிட்டார்.